பெலிமோன் சோதிக்காமல் விட்ட கம்பி

பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரத்தின் லாபாஸ் சந்தைக்குப் பின்னால் போகும் சாலையில், டயர் கடைக்கும் கோழித்தீவனக் கடைக்கும் நடுவே பெலிமோனின் கடை இருந்தது. மூன்று கார் நிற்கிற இடம், மேலே தகரக் கூரை. முன்பக்கம் அவன் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுவான். பின்பக்கம் அவன் மனைவி ஜெம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து சீட்டு உறை தைப்பாள். பாட்டுச் சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்காது, மெஷின் சத்தத்தில் அவன் கூப்பிடுவது கேட்காது. பதினான்கு வருஷமாக இருவரும் கையை ஆட்டித்தான் பேசிக்கொண்டார்கள்.

மோன் என்று சுருக்கிச் சொன்னால் அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். மணிலாவில் ஏழு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். சாதாரணக் காரில் ஸ்டீரியோ மாட்ட யாராலும் முடியும். பழைய ரேடியோவைக் கழற்று, புதியதைச் செருகு, முடிந்தது. சில கார்களில்தான் வம்பு. கம்பெனிக்காரனே சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயரை ஒளித்து வைத்திருப்பான். அது எப்போதும் உறக்கத்தில் கிடக்கும். ரேடியோவைப் போட்டதும் ஒரு கம்பி வழியாக மின்சாரம் வந்து அதை எழுப்பும், அது எழுந்தால்தான் ஸ்பீக்கர் பேசும். பழைய ரேடியோவைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைத்தால் எழுப்ப ஆள் இல்லை. திரையில் பாட்டு ஓடும், காதில் ஒன்றும் விழாது. மற்ற கடைக்காரர்கள் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் "மோன்கிட்ட கொண்டு போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அவன் காருக்குள் தலைகீழாகப் படுத்து, அந்த ஒரு கம்பியைத் தேடிப் பிடித்து, பாட்டை வரவழைத்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வரைபடம் பார்க்க மாட்டான். "கம்பியைத் தொட்டா அதுவே பேர் சொல்லும்" என்பான்.

வென்செஸ்லாவ் என்கிற பெரியவரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். பிப்ரவரி முதல் தேதி, ஹாரோ கோயில் மெழுகுவத்தித் திருவிழாவுக்கு முந்தின நாள். லெகானெஸ் பக்கத்து ஆள். இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் என்ஜின் அறையில் எண்ணெய் போட்டவர். ஓய்வு பெற்று வந்து, ஜப்பானில் இருந்து வந்த ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். லெகானெஸில் ஒருவன் அதில் புதுத் திரை ஸ்டீரியோவை மாட்டிவிட்டு, சத்தம் வராமல் கைவிரித்துவிட்டான். பக்கத்து சீட்டில் அவர் மனைவி ரெமெடியோஸ், மடியில் கைப்பையோடு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு நோயாளி. வாரத்துக்கு இரண்டு தடவை அவளை நகரத்து டாக்டரிடம் கூட்டி வர வேண்டியிருந்ததால்தான் காரே வாங்கினார்.

"சத்தம் கம்மியா வைக்கற மாதிரி பாத்துப் பண்ணு, தோத்தோ" என்றாள் அவள். அங்கே பெரியவர்கள் இளைய ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், இளையவர்கள் பெரியவர்களை மனோங் என்பார்கள். "இவரு காது கப்பலோட போயிருச்சு. இவருக்குக் கேக்கற சத்தத்துக்கு என் நெஞ்சு தாங்காது."

"இவளுக்குப் பயப்படாத. உள்ள டிஸ்கோ நடக்கணும்" என்றார் பெரியவர்.

சீட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால் ரெமெடியோஸ் பின்னால் போய் ஜெம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் துணி நிறம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மோன் காருக்குள் நுழைந்தான். வெளியே நான்கு கார்கள் காத்திருந்தன. திருவிழாவுக்குப் பாட்டோடு போய் இறங்க வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

ஆம்ப்ளிஃபயர் பக்கத்து சீட்டுக்கு அடியில் இருந்தது. அதை எழுப்பும் கம்பியையும் கண்டுபிடித்தான். ஆனால் புது ஸ்டீரியோ மலிவானது. எழுப்புவதற்கு அதில் இருந்து வர வேண்டிய கம்பியில் உயிரே இல்லை. அதற்கும் வழி உண்டு. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பி ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும், அதோடு இணைத்துவிட்டால் காரோடு ஆம்ப்ளிஃபயரும் விழிக்கும், காரோடு உறங்கும். அதன் பக்கத்திலேயே இன்னொரு கம்பி, கடிகார நேரம் மறக்காமல் இருக்க எப்போதும் மின்சாரம் ஓடுவது. வழக்கமாக நிறத்தை வைத்தே எது எது என்று சொல்லிவிடலாம். லெகானெஸ்காரன் அசல் கம்பிகளை வெட்டி, கையில் கிடைத்ததை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தான்.

மோன் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஒரு கம்பியில் சோதனை விளக்கை வைத்தான். எரிந்தது. சாவி திருப்பியிருக்கும்போது இரண்டு கம்பியிலும் எரியத்தான் செய்யும். சாவியை அணைக்கச் சொல்லி இன்னொரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். அணைந்தால் சரியான கம்பி, அணையாவிட்டால் மற்றது. அதற்கு எண்ணி அரை நிமிஷம் போதும்.

ஆனால் அதற்குள் அவன் அந்தக் கம்பியை ஆம்ப்ளிஃபயர் கம்பியோடு தொட வைத்துப் பார்த்துவிட்டான், பாட்டு வந்துவிட்டது. டிரைவர் சீட்டில் இருந்த பெரியவர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உரத்த குரலில் பாடத் தொடங்கிவிட்டார். நல்ல குரல். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்து இன்னொரு பாட்டு கேட்டான். மோன் படுத்தபடியே சிரித்துக்கொண்டு கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி, மூடியைப் பொருத்தி, எழுந்து சீட்டையும் மாட்டினான். பெரியவர் சாவியை அணைக்கவே இல்லை. பாடிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். ரெமெடியோஸ் ஜன்னல் வழியாக ஜெம்மாவுக்குக் கையசைத்தாள். ஏப்ரலில் வந்து பச்சை உறை தைத்துக்கொள்வதாகப் பேச்சு.

அவள் ஏப்ரலில் வரவில்லை. மோன் அதைக் கவனிக்கவும் இல்லை.

மே மாதம் கடைசியில் பெரியவர் மட்டும் வந்தார். முதலில் மோனுக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. சட்டை தோளில் தொங்கியது, சட்டைப் பையின் மேல் துக்க அடையாளமாகச் சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. பேட்டரியில் சார்ஜ் நிற்கவே மாட்டேனென்கிறது என்றார். ஈஸ்டர் முடிந்து புதிது வாங்கிப் போட்டாராம், அதுவும் நாலைந்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் செத்துப்போகிறது. இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டி பேட்டரியோடு கம்பி போட்டுக் கிளப்பிவிட்டார். வேறு ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, ஸ்டீரியோ போட்டவனிடமே போய்க் கேள் என்றானாம்.

மோன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தான். வண்டி அணைந்திருக்கும்போது முள் கிட்டத்தட்ட அசையவே கூடாது. அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. அவன் பக்கத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். ஆம்ப்ளிஃபயரின் மூடி, காய்ச்சல் குழந்தையின் நெற்றி மாதிரி, இளஞ்சூடாக இருந்தது.

அவனுக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. டேஷ்போர்டு மூடியைக் கழற்றி, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டான். டேப்பின் நுனியை உள்பக்கம் மடித்து ஒட்டுவது அவன் வழக்கம், பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று. அந்த மடிப்பு அங்கே இருந்தது. பிரித்து, சோதனை விளக்கை வைத்தான். சாவி பெரியவரின் சட்டைப் பையில் இருந்தது. விளக்கு எரிந்தது.

பெரியவர் காரின் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு காரை அவர் எடுக்கவில்லை. ரெமெடியோஸுக்கு அந்த வாரம் அசதியாக இருந்தது, டாக்டரும் விடுமுறை. புனித வெள்ளி மத்தியானம், தேங்காய்ப் பாலில் கிழங்கும் ஜவ்வரிசியும் போட்டுக் கஞ்சி வைத்திருந்தாள். இரண்டு கரண்டி சாப்பிட்டவள் மூச்சு வாங்குகிறது என்றாள். உதடு நீலமாகிவிட்டது. அவளைத் தூக்கிக் கொண்டுபோய்க் காரில் வைத்துச் சாவியைத் திருப்பினால், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் டக். தள்ளிக் கிளப்புகிற வண்டியும் இல்லை, கியர் தானாக மாறுகிற வகை. தெருவில் ஓர் ஆள் கிடையாது, எல்லோரும் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். அவர் ரோட்டுக்கு ஓடினார். வெகுநேரம் கழித்து ஒரு டிரைசிக்கிள், மோட்டார் சைக்கிளோடு பெட்டி கோத்த வாடகை வண்டி, கிடைத்தது. அதில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனால், நெடுஞ்சாலையில் ஊர்வலம் வழியை அடைத்துக்கொண்டு வந்தது. கண்ணாடிப் பெட்டியில் இறந்த ஏசுவின் சிலையைத் தூக்கிக்கொண்டு, பாட்டோடு, மெழுகுவத்தியோடு, மெதுவாக. வழிவிடச் சொல்லி டிரைசிக்கிள்காரன் கெஞ்சினான். ஜனங்கள் விலகத்தான் செய்தார்கள், ஆனால் அத்தனை பேர் விலக நேரம் ஆகிறது அல்லவா. பெட்டி அவர்களைக் கடந்து போனபோது அவள் கை கனத்துவிட்டது.

"மார்ச்லயே காலையில ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் எடுத்துச்சு" என்றார். "பேட்டரிய மாத்துங்கன்னு அவ சொன்னா. ஈஸ்டர் போகட்டும்னேன். இருபத்தெட்டு வருஷம் என்ஜின் பாத்தவன் நான், தோத்தோ. கப்பல்ல ஒரு நாள் ஒரு பம்ப் நின்னதில்ல. வீட்ல ஒரு பேட்டரிய பாக்கத் தெரியல."

மோன் டேஷ்போர்டுக்கு அடியில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். எழுந்து உட்கார வேண்டும், சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவன் கைகள் தாமாகவே வேலையைச் செய்தன. கம்பியைப் பிரித்தான், பக்கத்துக் கம்பியோடு சேர்த்தான், சாவியை வாங்கித் திருப்பி, அணைத்து, இரண்டு தடவை சோதித்தான். முள் பூஜ்யத்தில் நின்றது.

என்ன கோளாறு என்று பெரியவர் கேட்டார்.

"பழைய வயரு, மனோங். கொஞ்சம் லீக் ஆயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

பெரியவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று அவன் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. என் ரெமிக்கு உன்னை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது என்றார்.

அன்றிலிருந்து அவர் வாரம் ஒரு தடவையாவது கடைக்கு வரத் தொடங்கினார். வெறுங்கையோடு வர மாட்டார். ஒரு நாள் பால்மீன், ஒரு நாள் வாழைத்தார், ஒரு நாள் ஜெம்மாவுக்கென்று உப்பு ஒரு பை. மோன் வேலை செய்யும் காரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். வண்டி கொண்டு வருகிறவர்களிடம் பேட்டரி எத்தனை வருஷத்தது என்று கேட்பார். தள்ளிப் போடாதே, என்னைப் பார், நான் தள்ளிப் போட்டுப் பெண்டாட்டியைக் கொன்றவன் என்பார். முதல் தடவை கேட்பவர்கள் முகம் வெளுத்துவிடும். இரண்டாம் தடவை வருகிறவர்கள் அவர் கண்ணில் படாமல் தீவனக் கடைப் பக்கம் போய் நிற்பார்கள். மோன் ஒவ்வொரு தடவையும் தலையைக் காருக்குள் விட்டுக்கொள்வான்.

பதினான்கு வருஷத்தில் அந்தச் சாவிச் சோதனையைச் செய்யாமல் விட்டது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தான். இரண்டோ, மூன்றோ. அந்தக் கார்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. விசாரித்து அவற்றில் ஒன்றை மட்டும் தேடிப் போய், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று, சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டும் வந்தான். அதில் கம்பி சரியாகத்தான் இருந்தது.

ஜூன் நடுவில் ஜெம்மாவிடம் சொன்னான். அவள் மெஷினை நிறுத்தினாள். சொல்லி முடிக்கிற வரை அவனைப் பார்க்கவில்லை, துணியில் இருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம்" என்றாள். "நீ வேணும்னு செஞ்சியா? இப்ப சொன்னா அந்தம்மா எந்திரிச்சு வரப் போறதில்ல. உனக்கு மனசு லேசாகும், அந்த மனுஷனுக்கு இன்னொரு பாரம். அப்புறம் இந்தக் கடைக்கு ஒரு நாயும் வராது."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அதனாலேயே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பெரியவருக்கு அது இன்னொரு பாரம் என்று ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஜூலையும் போயிற்று.

ஆகஸ்டில் ஒரு நாள் பெரியவரின் மகள் வந்தாள். மரிவிக் என்று பெயர், கடலுக்கு அந்தப் பக்கம் பக்கோலோதில் பள்ளிக்கூட ஆசிரியை. அம்மாவின் முகம். காரை விற்க வேண்டும், ஸ்டீரியோவோடு விற்பதா, கழற்றிவிட்டு விற்பதா என்று கேட்க வந்தாள். அப்பா இங்கேதான் வந்து கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். குரலில் ஒரு கசப்பு இருந்தது. மோன் அவளை உட்காரச் சொன்னான்.

அப்பாவோடு அவள் பேசி நான்கு மாதமாகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு, ஒரு பேட்டரிக்குக் கஞ்சத்தனம் பார்த்து அம்மாவைக் கொன்றுவிட்டீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். அவரும் மறுக்கவில்லை. ஆமாம் என்றாராம். ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் அவள் கப்பலேறிவிட்டாள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு, உன் அப்பா சமைப்பதே இல்லை, ஒரு நாள் குளியலறையில் விழுந்து கிடந்தார் என்று சொன்னதால் வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போனாள், பக்கத்து அறையில் படுத்தாள், ஆனால் முகம் பார்த்துப் பேச வாய் வரவில்லை.

"அவரு மேல பாவமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா மூஞ்சியப் பாத்தா அந்தப் பேட்டரிதான் ஞாபகம் வருது. என்ன செய்யச் சொல்றீங்க?"

மோன் பேச்சை ஸ்டீரியோவின் பக்கம் திருப்பினான். கழற்றிவிட்டு விற்பதே நல்லது என்று மட்டும் சொல்லி அனுப்பினான். அவள் போனதும் கடையின் ஷட்டரை இறக்கினான். ஜெம்மா ஏன் என்று கையால் கேட்டாள். அவன் லெகானெஸ் பக்கம் கையைக் காட்டினான். அவள் எழுந்து வந்து தடுக்கவில்லை.

அன்று நல்ல மழை. உப்பளங்களெல்லாம் வெள்ளமாகக் கிடந்தன. மரிவிக் இன்னும் நகரத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. பெரியவர் வீட்டின் பின்பக்கம் சார்ப்பில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மோன் உட்காரவில்லை. மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, சொல்ல வெட்கப்பட வேண்டிய விஷயத்தை உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சாவியை அணைக்காமல் கம்பியை மாட்டியது, அந்தக் கம்பி எப்போதும் உயிரோடு இருந்தது, சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி இரவும் பகலும் பேட்டரியைத் தின்றது, எல்லாவற்றையும் சொன்னான்.

பெரியவரின் கத்தி நின்றது. மீனைக் கீழே வைத்து, வாளித் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவினார்.

"எத்தன ஆம்பியர் இழுத்துச்சு?"

"பாயிண்ட் நாலு மூணு, மனோங்."

அவர் உதடு அசைந்தது. "அஞ்சு நாள். நூத்தி இருபது மணி நேரம். அம்பத்தி ரெண்டு போயிருக்கும். பேட்டரி நாப்பத்தஞ்சு." நிமிர்ந்து பார்த்தார். "புதுசு போட்டிருந்தா?"

"புதுசு போட்டிருந்தாலும் இறங்கியிருக்கும். மே மாசம் புதுசும் இறங்குச்சுல்ல."

"இறங்குச்சு" என்றார். பிறகு, "மே மாசமே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இப்ப ஆகஸ்ட்."

மோன் தலை குனிந்து நின்றான். திட்டுவார், அடிப்பார், அந்தக் கத்தியையே எடுப்பார் என்றுகூட வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அவர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் இருந்து காரின் பழைய ரேடியோவை, செய்தித்தாள் சுற்றியபடியே, எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.

"கழட்டு. எப்படி இருந்துச்சோ அப்படி வை."

அதற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. லெகானெஸ்காரன் வெட்டிப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி, அசலாக இருந்தபடி சேர்த்தான். பெரியவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அவரே வந்து சாவியைத் திருப்பினார். ரேடியோ இரைந்தது, யாரோ வானிலை அறிக்கை வாசித்தார்கள், அது முடிகிற வரை ஓடவிட்டார். அணைத்தார். அப்புறம் குனிந்து, பக்கத்து சீட்டுக்கு அடியில், அவர் மனைவி உட்காரும் இடத்துக்குக் கீழே, உள்ளங்கையை வைத்தார். அந்தப் பெட்டியின் சூடு முழுக்கத் தணிகிற வரை அப்படியே இருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு எழுந்து, அவனைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகளிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று மோனுக்குத் தெரியாது. நாலாம் நாள் மரிவிக் கடைக்கு வந்தாள். அந்த நேரம் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், டயர் கடைக்காரனும் இருந்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"கம்பி மாறிப் போறது யாருக்கும் நடக்கும்" என்றாள். "அத நான் கேக்க வரல. மூணு மாசம் அவரு இங்க உக்காந்து நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டிருந்தாரு. நான் அங்க உக்காந்து ஆமா நீங்கதான்னு இருந்தேன். ரெண்டையும் நீ பாத்துட்டு இருந்திருக்க. அவரு கொண்டு வந்த மீனையும் சாப்பிட்டிருக்க."

மோன் வாயைத் திறந்தான். அவள் கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினாள். ஜெம்மா மெஷினை விட்டு எழுந்து வந்து, சொல்ல வேண்டாம் என்றது தன் யோசனை என்றாள். மரிவிக் அவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் அப்பாவைத் தன்னோடு பக்கோலோதுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துறைமுகத்தில் அவர்களைப் பார்த்த ஒரு ஜீப் டிரைவர் சொன்னான்: பெட்டியெல்லாம் மகளே தூக்கினாள், கிழவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மோனுக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு மேல் எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை. அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவும் இல்லை.

விஷயம் ஊரில் பரவியது. டயர் கடைக்காரன் சொல்லியிருப்பான், சொல்லாமல் எப்படி இருப்பான். ஆனால் ஜெம்மா பயந்தபடி ஆட்கள் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. சிலர் வந்தார்கள். வந்தவர்களுக்குத்தான் அவனிடம் பொறுமை இல்லாமல் போயிற்று. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இப்போது ஒரு நாள் எடுத்துக்கொண்டான். ஸ்டீரியோ மாட்டிய காரை ராத்திரி முழுக்கக் கடையில் நிறுத்தி, காலையில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பான். சீட்டுக்கு அடியில் பெட்டி இருக்கும் கார்களைத் தொடுவதே இல்லை. மற்ற கடைக்காரர்கள் அனுப்பினால், வேறு ஆளைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினான். அடுத்த வருஷம் மூன்று கார் இடத்தில் இரண்டை டயர் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டான். வீட்டு வருமானம் பெரும்பாலும் ஜெம்மாவின் தையலில் இருந்து வந்தது. அவள் அதைப் பற்றி ஒருநாளும் குத்திப் பேசியதில்லை. மெஷின் சத்தத்துக்கு மேல் இப்போது பாட்டு எதுவும் கேட்பதில்லை என்பதால், வாயால் பேசிக்கொள்ள முடிந்தது. ஆனால் பேச்சுதான் குறைந்துவிட்டது.

அந்த வருஷம் நவம்பரில் இறந்தவர்கள் நாள் வந்தது. முதல் தேதி லெகானெஸ் கல்லறையில் குடும்பங்கள் பாய் விரித்து, சோறு கட்டிக்கொண்டு வந்து, நாள் முழுக்க இருப்பார்கள். பெரியவரும் மகளும் கடல் தாண்டி வந்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் மறுநாள் சாயங்காலம் போனான். கூட்டம் கலைந்திருந்தது. பெயர்களைப் படித்துக்கொண்டே போய் ரெமெடியோஸின் கல்லறையைக் கண்டுபிடித்தான். புதிதாக வெள்ளையடித்திருந்தது. பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. அவன் கொண்டுபோயிருந்த மெழுகுவத்தியை ஏற்றினான். காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியவில்லை.

கல்லறைகளின் மேல் உருகிக் கிடந்த மெழுகைச் சுரண்டி எடுத்து விற்பதற்காக ஒரு பெண் சாக்கோடு வந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் குனிந்தபடி, இந்தம்மாவுக்கு நீங்கள் உறவா என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் மோன். "இவங்க வீட்டுக் கார் வேல பாத்தவன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, அவன் மெழுகுவத்தி எரிந்து முடியக் காத்திராமல், அடுத்த கல்லுக்கு நகர்ந்து போனாள்.